கருத்துக் கேட்பா, காது குத்தலா?

"சேலத்திலே உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுகிறீர்களே, உங்கள் ஊரிலே அலை அடிக்கிறதா, அல்லது சேர்வராயன் மலைமீது கப்பல் ஏறுகிறதா?" என்று நண்பரொருவர் நம்மைக் கேட்டார். கேலிதான், எனினும் கேள்வி கேள்விதானே, பதில் கூறத்தான் வேண்டும்.

மேட்டூரிலே மதகு திறந்தால் ஜேடர்பாளையத்தையும் பரமத்தி வேலூரையும் மோகனூரையும் தொட்டுக்கொண்டு போகிற காவிரி, போய்ச் சேருமிடம் பூம்புகார்க் கடல். தண்ணீர் மட்டுமா போயிற்று? மணலும் போயிற்று. கரைக்கு மணல் கொடுத்துக் காத்துவந்தது ஆறு. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு மேலிருந்து வரும் மணல் அணைக்குள்ளே அடங்கிற்று. அணைக்குக் கீழே மிச்சமிருந்ததை லாரி லாரியாக அள்ளியவர்கள் யார் என்பதை நாமக்கல் மாவட்டத்துக் காவிரிக் கரையாரிடம் கேட்டுக்கொள்ளலாம், நாம் சொல்லவேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. நாமக்கல் முட்டை கப்பலேறி வெளிநாடு போகிறது. நம் லாரிகள் துறைமுக வாசலிலே இரவு பகலாக வரிசையிலே நிற்கின்றன. துறைமுகம் வேண்டாமென்று கொடி பிடிக்கும் கூட்டமல்ல நாம். 1967-இல் அண்ணா முதலமைச்சரானபோது "எழுச்சி நாள்" நடத்தி டில்லியை நோக்கிக் கேட்ட கேள்வியிலே சேலத்து உருக்காலையும் இருந்தது, சேதுக் கால்வாயும் இருந்தது. மலையடிவாரத்து இரும்பையும் மன்னார்க் கடலையும் ஒரே மூச்சிலே கேட்ட இயக்கத்திலே வளர்ந்தவர்களுக்குக் கடல் தொலைவிலே இல்லை.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இன்று நாம் எழுப்பும் வினா. கடலை ஆழப்படுத்த, கரையிலே கல் கொட்ட, கடலைத் தூர்த்து நிலமாக்கத் திட்டம் தீட்டுகிறார்களே, அப்போது "பொதுமக்கள் கருத்துக் கேட்பு" என்றொரு கூட்டம் நடத்துகிறார்களே, அங்கே கேட்கப்படுவது என்ன? கருத்தைக் கேட்கிறார்களா, காது குத்துகிறார்களா?

கேளாமல் காரியம் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சேலத்தானுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018-இல் சேலத்துக்கும் சென்னைக்குமிடையே எட்டு வழிச் சாலை என்றார்கள். நீளம் 277 கிலோமீட்டர், மதிப்பு 10,000 கோடி ரூபாய். சேலம் மாவட்டத்துக்காரரே கோட்டையிலே முதலமைச்சராக அமர்ந்திருந்த காலம் அது! விருந்துக்கு வந்தவன்கூட வீட்டுக்காரனைக் கேட்டுவிட்டுத்தான் திண்ணையிலே உட்காருவான். இங்கே கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. கிணற்று மேட்டிலே கல், தென்னந்தோப்பிலே கல், கரும்புக் கொல்லையிலே கல்! போலீசைக் காவலுக்கு நிறுத்தி நட்டார்கள். நட்ட கல்லைப் பிடுங்கி எறிந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2019 ஏப்ரல் 8-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்துச் செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முன்னதாகவே வேண்டும் என்றது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிப்பதற்கு முன் அந்த அனுமதி தேவையில்லை, ஆனால் வேலை தொடங்குவதற்கு முன் தேவை என்று கூறிற்று. வழக்கறிஞர்கள் அதன் நுணுக்கத்தை வாதிடட்டும். கல் நட்டபோது கொல்லையிலே நின்றவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: தன்னைக் கேட்கவில்லை.

கடற்கரைக்காரனைக் கேட்பதற்கோ சட்டம் இருக்கிறது. 2006 செப்டம்பர் 14-இல் டில்லி வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலே துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர், கடலை ஆழப்படுத்துதல் ஆகியவை ஒரே இனத்திலே அடக்கப்பட்டுள்ளன. திட்டக்காரர் ஆய்வறிக்கையின் வரைவைக் கொடுக்கவேண்டும். 30 நாள் முன்னதாகப் பத்திரிகையிலே அறிவிப்புச் செய்யவேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தைக் கூட்ட, மாவட்ட ஆட்சித் தலைவரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்கவேண்டும். பேசுவது முழுவதையும் படம் பிடிக்கவேண்டும். பேச்சின் சாரத்தைக் கூட்ட முடிவிலே, கூடியிருப்போருக்குப் புரியும் மொழியிலே படித்துக் காட்டவேண்டும். நல்ல விதிகள்! எழுதியவரைப் பாராட்டக்கூடத் தோன்றுகிறது.

ஆனால், கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த ஆய்வறிக்கையை எழுதும் ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? திட்டம் போடுகிறவரே! மாப்பிள்ளை வீட்டுச் செலவிலே மாப்பிள்ளைக்கு நற்சான்று! கூட்டத்துக்கு இத்தனை பேராவது வரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அறிவிக்கையே அப்படிச் சொல்கிறது. நம் ஊர் நெசவாளர் சங்கத்திலே ஒரு தீர்மானம் போடுவதற்குக்கூடக் 'கோரம்' வேண்டும். கடலைத் தூர்ப்பதற்குக் கோரம் வேண்டாமாம். ஓட்டெடுப்பும் இல்லை. ஆயிரம் பேர் வேண்டாமென்றாலும் அந்த ஆயிரமும் ஓர் அறிக்கையிலே சில பக்கங்களாகி டில்லியிலுள்ள நிபுணர் குழுவின் மேசைக்குப் போகும். அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்.

இவையெல்லாம் இருக்கட்டும். இவற்றைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அது மொழி.

நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆய்வறிக்கை ஆங்கிலத்திலே வரும். தமிழிலே வருவது சுருக்கம் மட்டும். எத்தனை அடி ஆழம் தோண்டுவார்கள், தோண்டிய சேற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள், எந்த மாதத்திலே கொட்டுவார்கள், நீரோட்டம் அதை எந்தப் பக்கம் இழுக்கும், கரை எத்தனை மீட்டர் அரிக்கும் என்பவை அட்டவணைகளிலேயும் படங்களிலேயும் பின்னிணைப்புகளிலேயும் இருக்கின்றன. அவை ஆங்கிலத்தோடு நின்றுவிடும். சுருக்கத்திலே இருப்பது வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் பசுமைப் பட்டையும்! கலியாணப் பத்திரிகையைத் தமிழிலே அடித்துவிட்டுக் கடன் பத்திரத்தை ஆங்கிலத்திலே எழுதுவதுபோல.

படிக்காதவனுக்கு அந்த அட்டவணையெல்லாம் விளங்குமா என்று கேட்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குக் காற்று பேர் வைத்தவன், எந்தக் காற்றிலே எந்த நீரோட்டம் எந்த மீனைக் கொண்டுவரும் என்று இரவிலே நட்சத்திரம் பார்த்துச் சொல்கிறவன், அவனுக்கா விளங்காது? அவன் மொழியிலே கொடுத்துப் பாருங்கள். அறிக்கை எழுதிய நிபுணருக்கு விளங்காததையும் விளக்குவான். அந்தப் பயத்தினால்தான் கொடுப்பதில்லையோ என்னவோ!

இது வெறும் சந்தேகமல்ல. 2020-இல் டில்லி அரசினர் அந்த 2006 அறிவிக்கைக்கு மாற்றாகப் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டனர். எதிலே? ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்! குமரியிலிருந்து காஷ்மீர் வரை எல்லோரையும் பாதிக்கும் வரைவைப் பற்றி எல்லோரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் இரண்டு மொழியிலே படித்துவிட்டுத்தான் சொல்லவேண்டும்! கருத்துச் சொல்ல 30 நாள் இருந்த அவகாசத்தை 20 நாளாகக் குறைக்கவும் அந்த வரைவு வழி வகுத்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-ஆம் நாள், எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவைப் பெயர்த்துப் பத்து நாளுக்குள் வெளியிடுக என்று உத்தரவிட்டது. உடனே பெயர்த்தார்களா? இல்லை. அந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள்! ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம், மறு ஆய்வு வேண்டுமானால் உயர் நீதிமன்றத்திடமே போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தது. செயற்கைக்கோள் அனுப்ப முடிகிற அரசுக்கு ஒரு வரைவைத் தமிழிலே, வங்கத்திலே, மராத்தியிலே பெயர்க்க முடியாமற் போயிற்றாம். 1938-இலும் 1965-இலும் நம்மவர் சிறை புகுந்ததும் உயிர் கொடுத்ததும் பள்ளிப் பாடத்துக்காக மட்டுமென்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்கவேண்டும்.

இனிக் காட்டுப்பள்ளிக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டி, பழவேற்காட்டுக்குப் போகும் வழியிலே கடலோரம் இருக்கிறது அந்தத் துறைமுகம். 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம். அதிலே ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உண்டாக்கவேண்டிய நிலம். ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் என்றிருந்த சரக்குத் திறனை 320 மில்லியன் டன்னாக உயர்த்துவார்களாம். செலவு 53,000 கோடி ரூபாய் அளவு.

நம் கீழைக் கரையிலே மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியிலே தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்திலே கொஞ்சம் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். குறுக்கே கல்லைப் போட்டுச் சுவர் எழுப்பினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று முழங்கிய நாமே, இந்த ஓரிடத்திலே மட்டும் வடக்கு தேய்கிறது என்று ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது! இதற்குச் சான்று தேடி அலையவேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே வெள்ளைக்காரன் சென்னையிலே துறைமுகச் சுவர் கட்டினான். அதற்குத் தெற்கே மணல் குவிந்தது. அந்த மணல்தான் அண்ணா துயிலும் மெரினா. அதே சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஊரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. ஒரு நகரத்தின் அழகிய கடற்கரைக்கும் அடுத்தாற்போல் இருக்கும் குப்பத்தின் அழிவுக்கும் தாய் ஒருத்தியே. நாம் மெரினாவிலே கூட்டம் போட்டுப் பேசிய நாட்களில் இதை நினைத்ததில்லை. இப்போது நினைக்கும்போது சற்று நாணமாகத்தான் இருக்கிறது.

காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு ஏரி. கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இறாலும் மடவையும் உள்ளே வரும். அந்த ஏரியிலே "பாடு" என்றொரு முறை உண்டு. இன்ன நாளிலே இன்ன ஊரார் இன்ன இடத்திலே வலை போடலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. சர்க்கார் எழுதிக் கொடுத்த சட்டமல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு. பாடு என்றால் பங்கு. பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பமும் தான். முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் முதல் இரண்டும் போய் மூன்றாவது மட்டும் மிஞ்சும். இது சுருக்கத்திலே எந்தப் பக்கத்திலே இருக்கிறது?

அந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்பு நாள் முதலிலே 2021 ஜனவரி 22 என்று குறித்தார்கள். கொரோனாக் காலம், எதிர்ப்பும் எழுந்தது, எதிர்க்கட்சித் தலைவராக அப்போது இருந்த மு.க. ஸ்டாலின் எதிர்த்து அறிக்கை விட்டார், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பிறகு 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு என்பதைக் கடன் வாங்கியவனும் அறிவான், கொடுத்தவனும் அறிவான்.

இத்தனையும் அடுத்தவரைச் சொன்னோம். நம்மைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது.

சேதுக் கால்வாய் நம் கனவு. 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். 2005 ஜூலை 2-இல் மதுரையிலே தொடக்க விழா நடந்தபோது மகிழ்ந்தவர்களிலே நாமும் உண்டு. மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். 2007-இலே "ராமர் பாலம்" என்று கூக்குரல் கிளம்பிற்று. பாலத்தை இடிக்காதே என்று வழக்கு. உச்ச நீதிமன்றம் தடை. எந்தப் பொறியியல் கல்லூரியிலே படித்தார் என்று பாலத்தின் கர்த்தாவைப் பற்றி நம் தலைவர் கேட்டதும் நாடே அதிர்ந்ததும் நினைவிருக்கும். புராணம் பேசியவர்களின் குரல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஒலித்தது. ஆனால் அதற்கு முன்னரே, 2004, 2005 ஆண்டுகளிலே, கடலோர மாவட்டங்களில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களிலே மீனவர்கள் எழுந்து சில கேள்விகள் கேட்டார்களே, அவை எங்கே போயின? வாரிய சேற்றை எங்கே கொட்டுவீர்கள்? எங்கள் வலை விரியும் இடம் எது, கப்பல் போகும் இடம் எது? 21 தீவுகளும் பவளப் பாறைகளும் இருக்கும் மன்னார் வளைகுடாவிலே நீர் கலங்கினால் மீன் எங்கே முட்டையிடும்? இவை ராமனைப் பற்றிய கேள்விகளல்ல. பகுத்தறிவுக் கேள்விகள். புராணத்துக்குப் பதில் சொல்வதிலே நாம் காட்டிய வேகத்திலே பாதியை இந்தக் கேள்விகளுக்குக் காட்டியிருந்தால், மீனவனையே முன்னே நிறுத்திக் கால்வாய்க்காக வாதாடியிருக்கலாம். 2023 ஜனவரி 12-இல் சட்டமன்றம் மீண்டும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் சரி. கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

இன்னொன்று, இதைவிடக் கசப்பானது. கலைஞருக்குக் கடலிலே 134 அடி உயரப் பேனா. கரையிலிருந்து 360 மீட்டர் தொலைவு. 81 கோடி ரூபாய். எழுதி எழுதியே ஒரு இனத்தை நிமிர்த்தியவருக்குப் பேனா வைப்பதிலே நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. 2023 ஜனவரி 31-இல் சென்னைக் கலைவாணர் அரங்கிலே கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நடந்ததே, அது பெருமை. ஆனால், எதிர்த்துப் பேசியவர்களைப் பேசவிடாமல் நம்மவர் சிலர் கூச்சலிட்டார்களே, அது பெருமையா? பேசியவர்கள் பேசிய முறையும் பண்பானதல்ல, ஒருவர் உடைப்பேன் என்றார். இருக்கட்டும். உடைப்பேன் என்றவனையும் ஒலிபெருக்கியிலே பேசவிட்டு, பதிலை ஒலிபெருக்கியிலே சொல்வதுதானே நாம் மேடை மேடையாகக் கற்ற பாடம்? கண்ணியம் என்று அண்ணா சொன்னது மாலை நேரத்துப் பொதுக்கூட்டத்துக்கு மட்டுமா? கல்லடிக்கும் சாணியடிக்கும் நடுவே நின்று கருத்தைச் சொன்ன இயக்கம், கருத்துக் கேட்கும் இடத்திலே கூச்சல் போடலாகாது. டில்லி சில மாதங்களிலே அனுமதி கொடுத்தது. ஆயினும் பேனா கடலிலே எழவில்லை.

இதை எழுதியதற்காக நம்மீது கோபப்படும் தோழர்கள் இருப்பார்கள். கோபம் தணிந்த பிறகு அவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கேட்கிற காதையே அறுக்கும் வேலை டில்லியிலே நடக்கிறது. 2020 ஜனவரியிலே எண்ணெய், எரிவாயு தேடிக் கிணறு தோண்டும் ஆய்வுப் பணிக்குக் கருத்துக் கேட்பு வேண்டாமென்று விலக்கினார்கள். கரையிலும் சரி, கடலிலும் சரி. அந்த 2020 வரைவு முழுச் சட்டமாகாமல் கிடந்தது. ஆனால் துண்டு துண்டாக ஆணைகள் வந்துகொண்டேயிருந்தன. 2025 செப்டம்பர் 8-இல், அணுக் கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் எடுக்கும் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பு வேண்டாமென்று ஓர் அலுவலகக் குறிப்பு. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் அறியாமல், ஒரு காகிதத்திலே! குமரிக் கரை மணலிலே இருக்கும் மோனசைட் அந்த வகையைச் சேர்ந்தது. அங்கே மணல் எடுக்க 1,144 ஹெக்டேர் கேட்டு வைத்திருக்கிறார்கள். முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுமாறு பிரதமருக்கு எழுதினார். கூட்டத்திலே கூச்சல் போட்டு அதைக் கேலிக்கூத்தாக்கினால், கூட்டமே வேண்டாம் என்பவனுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

டில்லியைத் திட்டிக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது. கருத்துக் கேட்பை நடத்துவது யார்? தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை தாங்குவது யார்? தமிழ்நாட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைவர். தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஆய்வறிக்கையை வாரியத்திடம் கொடுக்க வரும் நிறுவனத்தைப் பார்த்து, "முழு அறிக்கையும் தமிழிலே எங்கே? அட்டவணை தமிழிலே எங்கே? படத்திலே ஊர்ப் பெயர் தமிழிலே எங்கே?" என்று கேட்க எந்த டில்லியின் உத்தரவு வேண்டும்? விண்ணப்பம் வந்த 45 நாளுக்குள் முடிக்கவேண்டுமென்று விதி இருக்கிறதே என்பார்கள் அதிகாரிகள். தமிழ்ப் படி இல்லாத விண்ணப்பம் முழு விண்ணப்பமே அல்ல என்று எழுதி வையுங்கள். 45 நாள் அதன் பிறகு எண்ணப்படட்டும். கோடிக் கணக்கிலே கடலைத் தூர்க்கப் பணம் இருப்பவனிடம் மொழிபெயர்க்கப் பணம் இருக்கும்.

படமும் வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி தயாரித்த வரைவு வரைபடங்களின் மேல் 2023-இலே கருத்துக் கேட்டபோது, எங்கள் ஊரும் வலை காயும் இடமும் படகு நிறுத்தும் இடமும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் முறையிட்டன. படத்திலே இல்லாத ஊரை யார் நாளைக்குக் காப்பாற்றுவது? நெருக்கமாக மக்கள் வாழும் கடலோரக் கிராமங்களிலே கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியிருப்பதும் அதே அறிவிக்கைதான். குடிசைக்கு இடம் கொடுக்கச் சுருக்கினோம் என்கிறார்கள். அந்த 150 மீட்டரிலே முதலிலே எழுவது குடிசையா, விடுதியா என்பதைப் படம் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

காட்டுப்பள்ளிக்கு மூன்றாம் முறையாக நாள் குறித்தால், பத்திரிகையிலே விளம்பரம் வரும். அந்த 30 நாளுக்குள் பழவேற்காட்டு ஊர் மன்றத்திலே, மீஞ்சூர் நூலகத்திலே, முழு அறிக்கையும் தமிழிலே வந்து கிடக்கிறதா என்று அங்குள்ள தோழர்கள் போய்ப் பார்க்கவேண்டும். இல்லையென்றால் ஆட்சித் தலைவரிடம் எழுத்து மூலம் கேட்கவேண்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கவேண்டும். கோட்டையிலே யார் இருந்தாலும் சரி. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிப் போகும் தோழர்கள், வரிசையிலே காத்துக் கிடக்கும் நேரத்திலே அந்த அறிக்கை வந்துவிட்டதா என்று விசாரித்து எழுதினால், வந்ததையும் வராததையும் ஊர்ப் பெயரோடு இந்தப் பத்தியிலேயே வெளியிடுவோம்.